ரெட்டைக் கோடும் ஒரு பெருக்கல் குறியும்

நீங்க எங்க இறங்கணும்? கழுகுமலையா? சரி. நான் அதுக்கு ரெண்டு ஸ்டாப் முன்னாடியே இறங்கிருவேன். இறங்கணும். சும்மாதான் கேட்டேன், தப்பா நினைக்காதீங்க. பக்கத்துல உக்காந்திருக்கிறவர் யாரு, எங்க போறாருன்னு தெரிஞ்சாத்தான் எனக்கு உக்கார முடியும். பையில என்ன? கொய்யாப்பழமா? இல்லல்ல, திறந்து காட்ட வேணாம். நீங்க சொன்னா நம்புறேன்.

முப்பத்தொரு வருசம் போலீஸ்ல இருந்தேன். அட, ஏன் காலை மடக்குறீங்க? லத்தி பிடிச்ச போலீஸ் இல்ல நான், பேனா பிடிச்ச போலீஸ். ஸ்டேஷன் ரைட்டர். புகார் குடுக்க வர்றவன் அழுதுக்கிட்டும் திட்டிக்கிட்டும் சொல்றதை எல்லாம் எழுத்துல இறக்குற வேலை. எந்த ஸ்டேஷன்னு கேக்காதீங்க. ரைட்டர் அய்யலுசாமின்னா அந்தப் பக்கம் வக்கீல்மாருக்குத் தெரியும். என் கையெழுத்தும் தெரியும். ஒவ்வொரு பக்கம் முடியும்போதும் அடியில ரெட்டைக் கோடு போட்டு, கோட்டுக்கு நடுவுல ஒரு பெருக்கல் குறி போடுவேன். எதுக்கு? பின்னாடி எவனாவது ஒரு வரியைச் சொருகிட்டா? எங்க இன்ஸ்பெக்டர் சிரிப்பாரு, உனக்கு உம் மேலயே சந்தேகமாய்யாம்பாரு. சிரிக்கட்டும். முப்பத்தொரு வருசத்துல என் தாள்ல ஒருத்தன் ஒரு எழுத்தைச் சொருகினது கிடையாது.

ஓய்வு வாங்கி வீட்டுல உக்காந்தா பொழுது போகணுமே. பால்காரன் தண்ணி கலக்குறானான்னு பாத்தேன். எதிர் வீட்டுக்காரர் தினமும் ஒரே நேரத்துல மாடிக்கு எதுக்குப் போறாருன்னு பாத்தேன். துணி காயப் போடத்தான் போறாரு, அது தெரிய பதினோரு நாள் ஆச்சு. என் வீட்டுக்காரி ராமலட்சுமி பொறுத்துப் பொறுத்துப் பாத்தா. ஒருநாள், "நூலகத்துல ஞாயித்துக்கிழமை கதை எழுதச் சொல்லிக் குடுக்காங்களாம். புண்ணியமாப் போகும், போயிட்டு வாங்க"ன்னா. எனக்குச் சிரிப்பு. எனக்கா எழுதச் சொல்லிக் குடுக்கப் போறாங்க? அது இருக்கட்டும், என்னை வீட்டை விட்டுக் கிளப்புறதுல இவளுக்கு என்ன சோலின்னு அந்தச் சந்தேகமும் வந்துச்சு. ரெண்டு ஞாயிறு பாதி வழியில திரும்பி வந்து பாத்தேன். தூங்கிக்கிட்டு இருந்தா.

வகுப்புல எண்ணி ஆறு பேர். நடத்துறது ஆல்வின்னு ஒரு தம்பி, காலேஜ்ல தமிழ் வாத்தியார், நாலு கதை அச்சுல வந்திருக்காம். சம்பளம் வாங்காம சொல்லிக் குடுக்குறான். அதுவே எனக்கு உறுத்துச்சு. சும்மா ஒருத்தன் எதுக்கு ஞாயித்துக்கிழமையக் கெடுத்துக்கணும், சொல்லுங்க. மத்தவங்கள்ல ரெண்டு காலேஜ் புள்ளைங்க, ஒரு தபால்காரர், அப்புறம் சண்முகக்கனி.

கனிக்கு நாப்பது வயசு இருக்கும். ஸ்டேஷனுக்கு எதிர்க்க ஜெராக்ஸ் கடை. கடை மாமனார் பேர்ல, உழைப்பு இவளோடது. புருசன் சூரத்துல ஜவுளிக் கம்பெனியில இருக்கான்னு சொல்லுவா. நல்ல கலகலப்பான பொம்பளை. ஆனா ஒண்ணு, கதையை நோட்டுல எழுத மாட்டா. மிஷின்ல கறுப்படிச்சுக் கெட்டுப்போன காப்பி இருக்கு பாருங்க, அந்தத் தாளோட பின்பக்கத்துல எழுதுவா. எழுதிட்டு ஸ்டேப்ளர் அடிச்சுக் கொண்டு வருவா. "ஊரான் பத்திரமெல்லாம் உங்க கையில இருக்கே தாயி, தப்பில்லையா"ன்னு கேட்டேன். "காப்பி எடுக்கும்போது அம்புட்டையும் படிச்சிருவேன் அண்ணாச்சி. பட்டா, விவாகரத்து, டிஸ்சார்ஜ் சம்மரி, எல்லாம். அதுலருந்துதான் கதையே வருது"ன்னு சிரிச்சா. நான் சிரிக்கல. மனசுல குறிச்சு வச்சுக்கிட்டேன்.

மொத வாரம் நான் எழுதுனதைப் படிச்சேன். "மேற்படி தேதியில், மேற்படி இடத்தில், மேற்படி நபர் தனது மிதிவண்டியைப் பூட்டாமல் நிறுத்திவிட்டுத் தேநீர் அருந்தச் சென்ற சமயம்"னு ஆரம்பிச்சு ரெண்டரைப் பக்கம். புள்ளைங்க ரெண்டும் டெஸ்க்குக்குக் கீழ குனிஞ்சுக்கிட்டாங்க. ஆல்வின் தம்பி மட்டும் சிரிக்கல. "சார், எல்லாம் சரியா இருக்கு. ஆனா இதுல யாருமே பேசலையே"ன்னான். "யாரு பேசணும்?" "சைக்கிளை எடுத்தவன் பேசட்டும். எடுத்தவனுக்கு ஒரு வாய் குடுங்க. நீங்க பேசாதீங்க, அவன் பேசட்டும்." எனக்கு முணுக்குன்னு கோவம். திருட்டுப்பயலுக்கு எதுக்கு வாய்?

ஆனா பாருங்க, வீட்டுக்கு வந்து உக்காந்தேனா, அந்த சைக்கிள் திருடன் ஒரு மாதிரி இருமினான். சத்தியமா. மனசுக்குள்ளதான். மெலிஞ்ச ஆளு, நீளமான சட்டை. "சார், எனக்கு சைக்கிள் ஓட்டத் தெரியாது. தள்ளிக்கிட்டுத்தான் போனேன்"னான். நான் ஆடிப்போயிட்டேன். ஏன்டா, ஓட்டத் தெரியாதவன் எதுக்குடா சைக்கிளைத் திருடுனேன்னு நானே கேக்குறேன், அவன் பதில் சொல்றான். எம் மகன் கேட்டான் சார், ஓட்டிக் காட்டுங்கன்னு. பேனா தானா ஓடுது. ராமலட்சுமி தோசை வச்சது ஆறிக் காஞ்சு போச்சு. இந்த வயசுல ஒரு ஆளுக்கு இப்படி ஒரு சந்தோசம் வருமா? முப்பத்தொரு வருசமா இத்தனை எழுதியிருக்கேன், ஒருநாளும் என் தாள்ல இருந்து ஒருத்தன் எனக்குத் தெரியாததைச் சொன்னதில்ல. கடைக்குப் போனாலும் அவன் பக்கத்துல சைக்கிளைத் தள்ளிக்கிட்டே வர்றான். நான் சந்தேகப்படாத ஒரே ஆளு அவன்தான்னு நினைக்கிறேன்.

அடுத்த வாரம் அதைப் படிச்சதும் தபால்காரர் கை தட்டினாரு. கனி கண்ணைத் துடைச்சுக்கிட்டா. "அண்ணாச்சி, அந்தத் தள்ளிக்கிட்டுப் போறது இருக்கே..."ன்னா. ஆல்வின் தம்பி போர்டுல எழுதுனான், பெரிய விசயம் யாரையும் நம்ப வைக்காது, சின்ன விசயம்தான் நம்ப வைக்கும்னு. நான் உள்ளுக்குள்ள சொல்லிக்கிட்டேன், தம்பி, இதை நீ பொறக்குறதுக்கு முன்னாடியே நான் கத்துக்கிட்டேன். எங்க இன்ஸ்பெக்டர் சொல்லுவாரு, "அய்யலு எழுதுனா ஜட்ஜு கண்ணு முன்னாடி நடக்குற மாதிரி இருக்கும்யா"ன்னு. அதுக்காக நான் பொய் எழுதுறவன்னு நினைச்சிராதீங்க. ஒரு பொய் எழுதினதில்ல. விட்டுப்போன எடத்தை நிரப்புவேன், அவ்வளவுதான்.

ஆறாவது வாரம். கனி படிக்க எந்திரிச்சா.

ராசாத்தின்னு ஒருத்தி. குடிகாரப் புருசன். அவன் போதையில கிணத்து மேட்டுல படுத்துத் தூங்குறான். இவ அம்மிக்கல்லை கிணத்துக் கயித்துல கட்டி, மறுமுனையை அவன் இடுப்புல சுத்தி, கல்லைத் தள்ளி விட்டுடுறா. இம்புட்டுதான் கதை. இதுல என்ன இருக்குங்கிறீங்களா? கேளுங்க. கல்லு வேகமா இறங்கும்போது கயிறு அவ வலது உள்ளங்கையை உரசி அறுத்துடுது. சத்தம் போடாம விளக்கெண்ணெய் தடவிக்கிட்டுப் படுத்துடுறா. மறுநாள் ரேஷன் கடையில சீனி வாங்கப் போறா, கையெழுத்துப் போடச் சொல்றாங்க, விரல் மடங்க மாட்டேங்குது. கட்டைவிரலை மையில ஒத்தி ரேகை வைக்கிறா. வரிசையில நிக்கிற யாருக்கும் ஒண்ணும் தெரியல. அதோட கதை முடியுது.

எனக்குக் கையில மயிர் குத்திட்டு நின்னுச்சு. ஆல்வின் தம்பி கண்ணாடியைக் கழட்டித் துடைக்கான். "இதுதான்க்கா. இந்த ரேகை. இதுதான் கதை. நம்ம தொகுப்புல இதுதான் மொதல்ல வரணும்"னான். ஆமா, வகுப்பு முடியும்போது எல்லார் கதையும் போட்டு ஒரு சின்னப் புஸ்தகம் கொண்டு வர்றதா இருந்துச்சு. சைக்கிள் கதைதான் மொதல்ல வருதுன்னு போன வாரம் வரைக்கும் பேச்சு. அதுக்காக நான் பொறாமைப்பட்டேன்னு நினைக்காதீங்க. பொறாமையா? எனக்கா? என் சந்தேகம் வேற. சமையல்கட்டையும் ஜெராக்ஸ் கடையையும் தவிர வேற எதுவும் பாக்காத பொம்பளைக்கு, அந்தக் கயிறும் விளக்கெண்ணெயும் ரேகையும் எங்கிருந்து வந்துச்சு? நான் எழுந்திருச்சு எல்லார் முன்னாலயும் சொன்னேன். "தம்பி, இது கற்பனையில வராது. இது செஞ்ச ஆளுக்குத்தான் தெரியும்." எல்லாரும் அதைப் பாராட்டுன்னு நினைச்சுச் சிரிச்சாங்க. கனியும் வெக்கப்பட்டுச் சிரிச்சா. சிரிக்கும்போது வாயைப் பொத்துனா பாருங்க, அப்பத்தான் பாத்தேன். வலது உள்ளங்கையில குறுக்க ஒரு தழும்பு.

இப்ப நீங்களே சொல்லுங்க. நீங்களா இருந்தா என்ன பண்ணுவீங்க?

"கதையைக் குடு தாயி, வீட்டுல வச்சு நிதானமாப் படிக்கேன்"னு கேட்டேன். சந்தோசமாக் குடுத்தா. "அடிச்சுத் திருத்திக் குடுங்க அண்ணாச்சி"ன்னா. மூணு வாரம் அது என் பிளாஸ்டிக் ஃபைல்ல இருந்துச்சு. சிவப்புப் பேனாவால வரிக்கு வரி கோடு போட்டேன். சம்பவ இடம் எது, நேரம் எது, கயித்தோட நீளம் எவ்வளவு, கல்லு இப்ப எங்கன்னு ஓரத்துல குறிச்சேன். பின்பக்கம் வழக்கம்போல கறுப்படிச்ச காப்பி. அதை யாரு பாப்பா?

அவ தெருவுக்குப் போனேன். வாடகைக்கு வீடு பாக்குற மாதிரி. ஞாயித்துக்கிழமையில இல்ல, அவ கடையில இருக்கிற நேரமாப் பாத்து. பக்கத்து வீட்டம்மா வெங்காயம் உரிச்சுக்கிட்டு இருந்துச்சு. தண்ணி வசதி எப்படின்னு பேச்சைக் கொடுத்தேன். "கனி வீட்டுக் கிணறு இருந்துச்சு, அதையும் காங்கிரீட் போட்டு மூடிட்டாங்க"ன்னுச்சு. "எப்ப மூடுனாங்க?" "மூணு வருசம் இருக்கும்." கொஞ்ச நேரம் ஊர்க்கதை பேசிட்டு, "அவங்க வீட்டுக்காரர் சூரத்துலயாமே, வருவாரா?"ன்னேன். "பொங்கலுக்கு வருவாரு, பொங்கலுக்கு வருவாருன்னு அவளும் சொல்லிக்கிட்டுத்தான் இருக்கா. ஆளைப் பாத்து மூணு வருசம் இருக்கும்"னுச்சு. சொல்லிட்டு அந்தம்மாவே வெங்காயத்தைக் கீழ வச்சுட்டு என்னைப் பாத்துச்சு. நான் ஒண்ணும் சொல்லலீங்க. நானா ஒரு வார்த்தை சொல்லல. அந்தம்மாவாதான் யோசிச்சுச்சு, அந்தம்மாவாதான் தெருவுல நாலு பேருட்ட பேசுச்சு.

அன்னிக்கே ஸ்டேஷனுக்கு ஒரு தகவல் எழுதுனேன். மொட்டைக் கடுதாசின்னு சொல்லாதீங்க, எனக்குப் பிடிக்காது. பேர் போடல, அவ்வளவுதான். நாலு பக்கம். என்னமா வந்துச்சு தெரியுமா? ஆல்வின் தம்பி சொல்லிக் குடுத்த அம்புட்டும் அதுல இருந்துச்சு. கிணத்து மூடி மேல துணி துவைக்கிற கல்லு கிடக்குறதைக் கூட விடல. புதுசா வந்த இன்ஸ்பெக்டர் படிச்சுட்டு, மறுநாளே அவளைக் கூப்பிட்டு விட்டுட்டாரு.

நான் எதிர்க்க டீக்கடையில உக்காந்திருந்தேன். சும்மா டீ குடிக்கத்தான். தெருவே ஸ்டேஷன் வாசல்ல நின்னுச்சு. வெங்காயம் உரிச்ச அம்மா முன்வரிசை. மாமனார் துண்டை வாயில வச்சுக்கிட்டு ஒரு ஓரமா நிக்காரு. நான் நைசா உள்ள போனேன், பழைய ஆளுன்னு யாரும் தடுக்கல. இன்ஸ்பெக்டர் கேக்குறாரு, "உன் புருசன் உயிரோட இருக்கானா இல்லையா?" இருக்காருங்கிற மாதிரி கனி தலையை ஆட்டுறா. "அப்ப போன் போடு. வீடியோல போடு. முகத்தைக் காட்டச் சொல்லு." அவ போனை எடுக்கவே மாட்டேங்குறா. கையைக் கும்பிட்டு, "சார், தனியா வச்சுப் பேசச் சொல்லுறேன் சார், எல்லாரையும் வெளிய அனுப்புங்க சார்"னு கெஞ்சுறா. எனக்கு உறுதியாயிருச்சு. மாட்டிக்கிட்டான்னு நினைச்சேன். அந்த நிமிசத்துல எனக்கு இருந்த சந்தோசத்தை இப்ப நினைச்சாலும் கூசுது.

போட்டா. எடுத்தான். ஆளு உயிரோட, குத்துக்கல்லாட்டம் இருக்கான். அவனுக்குப் பின்னாடி ஒரு பொம்பளை அடுப்புல சப்பாத்தி போடுறா. ரெண்டு வயசுல ஒரு சின்னப் புள்ள ஓடி வந்து, "பப்பா"ன்னு அவன் கழுத்தைக் கட்டிக்கிடுச்சு. வாசல்ல நின்ன அம்புட்டு ஜனமும் எட்டிப் பாத்துச்சு. நான் கனி முகத்தைப் பாத்தேன். அதுல ஆச்சரியமே இல்ல. அவளுக்கு ஏற்கெனவே தெரிஞ்சிருக்கு. தெருவுக்குத்தான் தெரியாது. மூணு வருசமா அதை வயித்துக்குள்ள வச்சுக்கிட்டு, பொங்கலுக்கு வருவாரு, பொங்கலுக்கு வருவாருன்னு சொல்லி, தலை நிமிந்து கடையைத் திறந்துக்கிட்டு இருந்திருக்கா. கிணறு? அது தண்ணி வத்திப் போச்சு, கோழி விழுதுன்னு மூடுனதாம். தழும்பு பேப்பர் கட்டிங் மிஷின் பட்டதாம்.

ஆளு உயிரோட இருக்கான்னு நிரூபணம் ஆச்சுல்ல, அது நல்லதுதானேன்னு நான் எனக்கே சொல்லிக்கிட்டேன். ஒரு பொய் வெளிய வந்துச்சு, அதுல என்ன தப்புன்னு ராமலட்சுமிட்ட கேட்டேன். ரெண்டு நாள் சோத்தைத் தட்டுல போட்டு வச்சுட்டுப் போயிட்டா. ஏன் பேச மாட்டேங்குறா, என்ன மறைக்கிறான்னு எனக்கு அதுலயும் ஒரு சந்தேகம்.

அடுத்த ஞாயிறு நான் வகுப்புக்குப் போனேன். போகாம இருந்தா சந்தேகம் வரும்ல. கனி வர மாட்டான்னு நினைச்சேன். எனக்கு முன்னாடியே வந்து உக்காந்திருக்கா. "நான் கதை எழுதப் போய்த்தான் இந்த அசிங்கம்னு மாமனார் சொல்றாரு. இனிமே அனுப்ப மாட்டாங்க. கடைசியா ஒருக்க வந்துட்டுப் போறேன்"னு ஆல்வின் தம்பிட்ட சொன்னா. அப்புறம் என் பக்கம் திரும்பி, "என் கதையைக் கொண்டு வந்தீங்களா அண்ணாச்சி?"ன்னா. ஃபைல்ல இருந்து எடுத்துக் குடுத்தேன். வாங்கலை. மேசை மேல வைங்கன்னா. அதுக்குப் பக்கத்துல என் சைக்கிள் கதையோட காப்பி ஒண்ணை வச்சா, நான் வகுப்புல எல்லாருக்கும் குடுத்தது. அதுக்குப் பக்கத்துல இன்னொரு காப்பி வச்சா. நான் ஸ்டேஷனுக்கு அனுப்புன நாலு பக்கத் தகவல்.

ஸ்டேஷன்ல மிஷின் ரிப்பேராம். அன்னிக்குக் காலையில புதுசா சேந்த ஒரு போலீஸ்காரப் பையன் கடைக்கு வந்து, "அக்கா, ரெண்டு காப்பி"ன்னு அதைத்தான் குடுத்திருக்கான். யாரைப் பத்துன தாளு, யார் கடைன்னு அவனுக்கு என்ன தெரியும்? அவ வழக்கம்போல படிச்சிருக்கா. தன்னைப் பத்தித் தானே படிச்சிருக்கா. ரெண்டு காப்பிக்கு மூணா எடுத்துட்டு, தாளை அடுக்கிக் குடுத்து அனுப்பியிருக்கா.

சைக்கிள் கதைக்கு அடியில ரெட்டைக் கோடு, நடுவுல பெருக்கல் குறி. தகவலுக்கு அடியிலயும் ரெட்டைக் கோடு, பெருக்கல் குறி. ஆல்வின் தம்பி மாறி மாறிப் பாக்கான். அவன் என்னை நிமிந்து பாத்த பார்வை இருக்கே, அதை விடுங்க.

"அது போகட்டும்"னா கனி. "என் கதையைத் திருப்புங்க அண்ணாச்சி."

"என்னத்தைத் திருப்ப?"

"பின்பக்கம். மூணு வாரம் வச்சிருந்தீங்களே, ஒருக்கக்கூடவா திருப்பிப் பாக்கல?"

திருப்பினேன். கறுப்படிச்ச காப்பிதான், ஆனா வெளிச்சத்துல பிடிச்சா எழுத்து தெரியுது. "எனது கணவர் குடிபோதையில் கிணற்று மேட்டில் படுத்திருந்த சமயம், மேற்படி அம்மிக்கல்லை..." எனக்கு அடுத்த வரி தெரிஞ்சுச்சு. படிக்காமலேயே தெரிஞ்சுச்சு. கயிறு எனது வலது உள்ளங்கையை அறுத்தது. விளக்கெண்ணெய் தடவிக்கொண்டேன். மறுநாள் நியாய விலைக் கடையில் கையெழுத்திட இயலாமல் ரேகை வைத்தேன். அடியில ரெட்டைக் கோடு. நடுவுல பெருக்கல் குறி.

பத்தொன்பது வருசம் ஆச்சு. சுடலைவடிவுன்னு ஒரு பொம்பளை. புருசன் கிணத்துல கிடந்தான். சாட்சி இல்ல, ஒண்ணும் இல்ல, மேல இருந்து நெருக்குறாங்க. போலீஸ்கிட்ட ஒத்துக்கிட்டா கோர்ட்டுல செல்லாது, அதனால கிராம அதிகாரி முன்னாடி அவளே வந்து சொன்னதா ஒரு ஒப்புதல் எழுதணும். இன்ஸ்பெக்டர், "நம்புற மாதிரி எழுதுய்யா அய்யலு"ன்னாரு. ரேஷன் கடை நோட்டுல மறுநாள் தேதியில அவ ரேகை இருந்துச்சு. அதைப் பாத்ததும் எனக்குப் பொறி தட்டுச்சு. கயிறு, உள்ளங்கை, விளக்கெண்ணெய், எல்லாம் அந்த ஒரு ரேகைக்காக நான் கட்டுனது. எழுதி முடிச்சதும் இன்ஸ்பெக்டர் முதுகுல தட்டி, ஸ்டேஷனுக்கே டீ சொன்னாரு. ஆயுள் தண்டனை வாங்குச்சு அந்தப் பொம்பளை. எத்தனையோ கேசு பாத்தாச்சு, அதுல இது ஒண்ணு. மறந்தே போயிருந்தேன். சத்தியமா மறந்துட்டேன்.

"இந்தப் பொம்பளையோட தங்கச்சிதான் ஹைகோர்ட்டுக்குக் காப்பி எடுக்க எங்கிட்ட வந்துச்சு"ன்னா கனி. "மொதக் காப்பி கறுத்துப் போச்சுன்னு போட்டுட்டுப் போயிருச்சு, இத்தனை வருசமா நான்தான் எடுத்து வச்சிருந்தேன். அக்காவுக்கு எழுதவே தெரியாதாம் அண்ணாச்சி. பொறந்ததுல இருந்து ரேஷன் கடையில ரேகைதான் வைக்குமாம். அந்த நோட்டுல முந்தின மாசமும் ரேகை, அதுக்கு முந்தின மாசமும் ரேகை. ஹைகோர்ட்டு வக்கீல்தான் நோட்டை முன்னால புரட்டிப் பாத்திருக்காரு. ஒன்பது வருசம் உள்ள இருந்துட்டு வெளிய வந்துச்சு."

அந்த ஒப்புதலுக்கு அடியில அவ கட்டைவிரலைப் பிடிச்சு மையில உருட்டி ஒத்துனது இந்தக் கைதான். எழுதத் தெரியாதவன்னு எனக்கு அன்னிக்கே தெரியும். தெரிஞ்சுதான் எழுதுனேன்.

கனி பையை எடுத்துக்கிட்டா. கோவமாக் கூடப் பேசல, அதுதான் என்னால தாங்க முடியல. "வகுப்புல நீங்க ஒண்ணு சொன்னீங்க அண்ணாச்சி. இது கற்பனையில வராது, செஞ்ச ஆளுக்குத்தான் தெரியும்னு. ரொம்பச் சரியாச் சொன்னீங்க"ன்னுட்டு படியிறங்கிப் போயிட்டா.

அதுக்கப்புறம் நான் வகுப்புக்குப் போகல. வகுப்பும் நடக்கலைன்னு கேள்வி. கனி எழுதுறாளான்னு தெரியாது. கடையில கூட்டமா இருக்கிறப்ப எட்ட நின்னு பாத்தேன், தாளைப் படிக்காம அடுக்கிக்கிட்டு இருந்தா. அந்த சைக்கிள் பயலும் அதோட போயிட்டான். எவ்வளவோ கூப்பிட்டுப் பாத்தேன், இருமல் சத்தம் கூட வரலை. வீட்டுல உக்காந்து சுடலைவடிவு கதையை எழுதப் பாத்தேன். அவளுக்கு ஒரு வாய் குடுக்கலாம்னு. நாலு நாள் ஸ்டேஷன்ல இருந்தா அவ. எங்கூட எதாச்சும் பேசியிருப்பாள்ல? அழுதிருப்பா, தண்ணி கேட்டிருப்பா, புள்ளையைக் கேட்டிருப்பா. ஒரு வார்த்தை ஞாபகம் வரமாட்டேங்குது. நான் எழுதுனது பூராவும் ஞாபகம் இருக்கு, கமா உட்பட. அவ சொன்னது ஒண்ணு கூட இல்ல.

அதான் போறேன். அடுத்த ஸ்டாப்புல இறங்கி ஒரு மைல் நடக்கணும், சுடலைவடிவு அங்க அவ தங்கச்சி வீட்டுலதான் இருக்காளாம். இது மூணாவது ஞாயிறு. ரெண்டு தடவையும் ஸ்டாப் வந்துச்சு, நான் எந்திரிக்கல, கழுகுமலை வரைக்கும் போயிட்டுத் திரும்பிட்டேன். இன்னிக்கு இறங்கிருவேன். மன்னிப்புக் கேக்குறது ஒரு பக்கம் இருக்கட்டும், அவ பேசணும். அவ சொல்லச் சொல்ல, என் வார்த்தை ஒண்ணு கூடச் சேக்காம, அவ வாயால வர்றதை அப்படியே எழுதணும். எழுதி வாசிச்சுக் காட்டணும். இந்தத் தடவை எல்லாம் முறைப்படி இருக்கும்.

இந்தாங்க, நோட்டு. புதுசு. பேனா ரெண்டு. இதுவா? ஸ்டாம்பு பேடு. மை போட்டு வச்சிருக்கேன். கடைசியில அவ ரேகை வேணும்ல? அவளுக்குத்தான் எழுதத் தெரியாதே.

என்ன, எந்திரிச்சுட்டீங்க? கழுகுமலை இன்னும் வரலையே.